கறுப்பா, கரிச்சாம்பலா, கருநீலமா: ஒரே சூட்டில் எல்லா இடத்துக்கும் போக

தினமும் சூட் போடுகிறவருக்கு நிறம் பெரிய கவலை இல்லை. அவர் அலமாரியில் நாலைந்து தொங்கும். சிக்கல் எப்போதாவது போடுகிறவருக்குத்தான். கையில் இருப்பது ஒன்று. நேர்காணலுக்கும் அதுதான், திருமண வரவேற்புக்கும் அதுதான், இறுதிச் சடங்குக்கும் மாலை விருந்துக்கும் அதுதான். அப்படி ஒன்றே ஒன்று வாங்கப் போகிறவர் முன்னால் வழக்கமாக மூன்று நிறங்கள் போட்டிக்கு நிற்கும்: கறுப்பு, கரிச்சாம்பல், கருநீலம். நான் கருநீலத்தின் கட்சி. ஆனால் எல்லா இடத்திலும் அது ஜெயிப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கறுப்பு

முதல் சூட் வாங்குகிறவர்கள் பலர் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பது இதைத்தான். கறுப்பு எதற்கும் பொருந்தும் என்ற நம்பிக்கை. மூன்றில் மிகக் குறைவாக வளைந்துகொடுப்பது இதுதான் என்பது வாங்கிய பிறகே தெரியவரும். இரவு நிகழ்ச்சியில் கம்பீரமாக இருக்கும் அதே துணி, பகல் வெளிச்சத்தில் ஆழமே இல்லாமல் தட்டையாகத் தெரியும். நூல் பிசிறு, பொடுகு, தூசி எதையும் மறைக்காது. பழுப்பு ஷூ இதனுடன் ஒட்டாது. வெள்ளைச் சட்டையும் கறுப்பு டையும் சேர்ந்துவிட்டால், விருந்துக்கு வந்தவரா, விருந்தை நடத்தும் விடுதியின் ஊழியரா என்று கேட்கத் தோன்றும்.

அழைப்பிதழில் ‘பிளாக் டை’ என்று இருந்தால் கறுப்பு சூட் காப்பாற்றிவிடும் என்று நினைக்கிறவர்களும் உண்டு. காப்பாற்றாது. அங்கே எதிர்பார்ப்பது டக்சிடோ: காலர் மடிப்பில் பட்டுத் துணி, பேன்ட்டின் பக்கவாட்டில் பட்டுப் பட்டை, கழுத்தில் பட்டாம்பூச்சி போல முடிச்சிடும் போ டை. வேடிக்கை என்னவென்றால், அந்த டக்சிடோவிலேயே கறுப்புக்கு ஒரு போட்டியாளர் இருக்கிறார். பின்னாளில் வின்ட்சர் கோமகனான எட்டாம் எட்வர்டு, மிக அடர்ந்த நள்ளிரவு நீலத்தில் மாலை உடைகளைத் தைத்துப் போட்டுப் பிரபலப்படுத்தினார். செயற்கை வெளிச்சத்தில் கறுப்புத் துணி லேசாகப் பழுப்போ பச்சையோ அடிக்கும். அந்த நீலம் கறுப்பைவிடக் கறுப்பாகத் தெரியும். ஆக, தன் சொந்த மைதானமான இரவிலேயே கறுப்பு தோற்கக்கூடியது.

கரிச்சாம்பல்

இதைக் குறைத்து மதிப்பிட முடியாது. நேர்காணல், நீதிமன்றம், இறுதிச் சடங்கு ஆகிய மூன்று இடங்களிலும் எனக்குப் பிடித்த கருநீலத்தைவிட இது ஒரு படி மேலே. துக்க வீட்டில் வெள்ளைச் சட்டை, பளபளப்பில்லாத கறுப்பு டை, கறுப்பு ஷூ, மேல் பை காலி. அவ்வளவுதான், யார் கண்ணையும் உறுத்தாது. வெள்ளை, இளநீலம், இளஞ்சிவப்பு எனச் சட்டை எதுவானாலும் ஏற்றுக்கொள்ளும். மெரூன் நிற டை இதன்மேல் எடுப்பது போல வேறு எதன்மேலும் எடுக்காது.

குறை இரண்டு. இளைஞனுக்குச் சில ஆண்டுகள் கூட்டிக் காட்டும். மேலாளர் பதவிக்கு நேர்காணல் என்றால் அதுவே வசதி, நண்பனின் திருமணத்தில் அது தேவையில்லை. இரண்டாவது, கோட் தனியாகப் பிழைக்காது. வழவழப்பான கரிச்சாம்பல் கோட்டுக்குக் கீழே ஜீன்ஸோ காக்கி பேன்ட்டோ போட்டால், ஜோடி பேன்ட் சலவைக்குப் போயிருக்கிறது போலும் என்றுதான் தோன்றும். ஆனால் அதன் பேன்ட் தனியாகவே வாழும்; எந்த பிளேசருக்கும் கீழே பொருந்தும். கருநீலத்தில் கதை தலைகீழ். பேன்ட் தனியாகப் போனால் சீருடை போல இருக்கும். கோட் தனியாக எங்கும் போகும். எப்போதாவது சூட் போடுகிறவருக்குக் கோட் பிழைப்பதே முக்கியம் என்பதால்தான் என் ஓட்டு நீலத்துக்கு.

கருநீலம்

நிறம் மிக அடர்த்தியாகவும் வேண்டாம், பிரகாசமான நீலமாகவும் வேண்டாம். நிழலில் கறுப்பென்று ஏமாற்றி, வெயிலில் நீலமென்று ஒப்புக்கொள்ள வேண்டும். துணியில் மினுமினுப்பு இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். நெசவு லேசாகக் கண்ணுக்குத் தெரிகிற ஹாப்சாக் போன்ற துணியும் அடர்ந்த கொம்புப் பொத்தான்களும் இருந்தால் கோட் தனியாகப் போவது இன்னும் எளிது.

நேர்காணலுக்கு வெள்ளைச் சட்டை, கோடோ புள்ளியோ இல்லாத அடர்நிற டை, கயிறு கட்டும் கறுப்பு ஆக்ஸ்ஃபோர்டு ஷூ. திருமணத்துக்கு இளஞ்சிவப்புச் சட்டை, கரடுமுரடான நெசவுள்ள டை, அடர்பழுப்பு ஷூ, மேல் பையில் கைக்குட்டை. அந்தக் கைக்குட்டையைப் பற்றி ஒன்று: டையும் கைக்குட்டையும் ஒரே துணியில் பெட்டியில் போட்டு விற்பார்களே, அதை மட்டும் வாங்காதீர்கள். டையில் உள்ள ஒரு நிறம் கைக்குட்டையின் ஓரத்தில் எட்டிப் பார்த்தால் போதும். ஐயமாக இருந்தால் வெள்ளை லினனை நேர்கோடாக மடித்து ஒரு விரல்கடை வெளியே தெரிய வையுங்கள்; தவறே வராது.

மாலை விருந்துதான் பலர் சறுக்கும் இடம். டையைக் கழற்றிவிட்டால் இயல்பாகிவிடும் என்று நினைக்கிறோம். டைக்கென்று தைத்த சட்டையில் டை இல்லாதபோது என்ன நடக்கிறது என்று கண்ணாடியில் பாருங்கள். அரை மணி நேரத்தில் காலரின் இரு முனைகளும் கோட்டின் மடிப்புக்கு அடியில் சரிந்து படுத்துவிடும். கழுத்து வெறிச்சென்று நிற்கும். காலர் முனையில் பொத்தான் வைத்த சட்டையாக இருந்தால் அது எழுந்து நிற்கும். அதைவிட நன்றாக இருப்பது மெல்லிய பின்னல் துணியில் காலர் வைத்த ‘போலோ’ சட்டை. டி-ஷர்ட்? தோளில் திணிப்பு இல்லாத மென்மையான கோட் என்றால் சரி. விறைப்பான தோள் கொண்ட கோட்டுக்குள் டி-ஷர்ட் போட்டால் பாதியில் உடை மாற்றியவர் போல இருக்கும். காலில் கயிறில்லாத லோஃபரா, வெள்ளை ஸ்னீக்கரா என்றால் லோஃபர்தான். ஸ்னீக்கர் போட்டே ஆக வேண்டும் என்றால் தோலால் ஆனதாக, மெல்லிய அடிப்பாகத்துடன், கறையில்லாமல் இருக்கட்டும். ஓடுவதற்கான ஷூ இங்கே வேலைக்காகாது.

மற்ற தேர்வுகள்

ஒற்றை வரிசைப் பொத்தானா, இரட்டை வரிசையா என்ற சண்டையில் ஒரே சூட் வைத்திருப்பவருக்குப் பதில் சுலபம்: ஒற்றை வரிசை, இரண்டு பொத்தான், கீழ்ப்பொத்தான் எப்போதும் திறந்தே. இரட்டை வரிசை அழகுதான், எனக்கும் ஆசை உண்டு. ஆனால் அது எப்போதும் பூட்டியே இருக்க வேண்டும். திறந்துவிட்டால் முன்பக்கத் துணி இறக்கை போல அடித்துக்கொள்ளும். போலோவும் லோஃபரும் அதனுடன் அவ்வளவு எளிதில் சேராது.

துணியில் ‘சூப்பர் 150’ என்ற எண்ணைக் காட்டி விலை ஏற்றுவார்கள். அந்த எண் கம்பளி இழை எவ்வளவு மெல்லியது என்பதைக் குறிக்கிறது: சூப்பர் 100 என்றால் இழையின் சராசரி விட்டம் 18.75 மைக்ரானுக்குள், 150 என்றால் 16.25க்குள். தொட்டால் பட்டு போல இருக்கும், சீக்கிரம் கசங்கும், சீக்கிரம் தேயும். பல சூட் உள்ளவர் அதை வாங்கட்டும். ஒன்றையே நம்பி இருப்பவருக்கு 100 முதல் 120 வரை போதும். எண்ணைவிட எடையைக் கேளுங்கள்; மீட்டருக்கு 260 முதல் 300 கிராம் வரை உள்ள துணி நன்றாக விழும், கசங்கினாலும் ஒரே இரவில் மீளும்.

நிறத்தைவிடப் பெரிய விஷயம் தோள். கை நீளம், இடுப்பு, பேன்ட் உயரம் எல்லாவற்றையும் தையல்காரர் சரிசெய்துவிடுவார். தோள் பொருந்தாத கோட்டில் அவராலும் அதிகம் செய்ய முடியாது. கை முடிவில் சட்டை ஒரு சென்டிமீட்டர் வெளியே தெரியட்டும். இவை சரியாக இருந்தால் கறுப்பு சூட்கூட மன்னிக்கப்படும்; தவறாக இருந்தால் கருநீலமும் உதவாது.

கோட்டுக்கு முன்பே தேய்வது பேன்ட்தான். முடிந்தால் அதே துணியில் இரண்டாவது பேன்ட் ஒன்றைச் சேர்த்தே தைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேடினால் அதே சாயம் கிடைப்பது அரிது. சலவைக்குக் கொடுக்கும்போதும் கோட்டையும் பேன்ட்டையும் சேர்த்தே கொடுங்கள். தனித்தனியே போனால் இரண்டும் வேறு வேறு நீலமாகிவிடும்.

பிறகு எப்போதாவது இன்னொரு சூட் வாங்கும் வாய்ப்பு வந்தால், தயங்காமல் கரிச்சாம்பல். கருநீல கோட்டும் கரிச்சாம்பல் பேன்ட்டும் சேர்ந்து, காசில்லாமல் மூன்றாவது ஜோடி ஒன்று கிடைத்துவிடும். கரிச்சாம்பல் கோட்டோடு கருநீல பேன்ட்டைப் போட்டு நான்காவதுக்கு ஆசைப்பட வேண்டாம்.