புதுச்சேரியில் பெரிய டிவி வாங்கப் போகிறவர்களுக்கு: காட்டியது ஒன்று, வந்தது வேறு

வீட்டில் ஓர் அறையைச் சினிமா பார்ப்பதற்கென்றே ஒதுக்கி, அதற்குப் பெரிய டிவி ஒன்றைப் புதுச்சேரியில் வாங்கலாம் என்று கிளம்பும் கடலூர்க்காரர்கள் இதைப் படித்துவிட்டுப் போவது நல்லது. கடந்த தீபாவளிச் சலுகையின்போது புதுச்சேரிக் கடைவீதியில் கூட்டம் நிரம்பி வழிந்த ஒரு கடையில் எனக்கு ஒரு மாடலைக் காட்டினார்கள். அதற்குரிய பணத்தை முழுதாக வாங்கிக்கொண்டு, அதே நிறுவனத்தின் அதே அளவிலான வேறொரு மலிவு மாடலை வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். கேட்கப் போனபோது, ஈடு செய்கிறோம் என்ற பெயரில் உற்பத்தியே நின்றுபோன பிளாஸ்மா டிவி ஒன்றைத் தலையில் கட்டப் பார்த்தார்கள். விவகாரம் இப்போது நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. நடந்ததையும், அதே தந்திரத்தை உங்களிடம் காட்டினால் கண்டுபிடிக்கும் வழியையும் மட்டும் எழுதுகிறேன்.

புதுச்சேரியில் வாங்கினால் விலை குறையும் என்பது எங்கள் பக்கத்தில் ஊறிப்போன எண்ணம். மாநிலத்துக்கு மாநிலம் விற்பனை வரி மாறிய காலத்தில் அதற்கு அர்த்தம் இருந்தது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததிலிருந்து இரண்டு ஊரிலும் ஒரே வரிதான். 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கு 28 சதவீதமாக இருந்தது 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைந்ததும் இரண்டு ஊருக்கும் பொதுவே. ஆகவே ‘பாண்டி ரேட்’ என்று எவராவது இன்றும் சொன்னால், அந்தக் குறைவு வரியால் வரவில்லை, வேறு எதனால் வருகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். நான் அங்கே போனதற்குக் காரணம் விலை அல்ல. நான் தேடிய மாடல் கடலூர்க் கடைகளில் காட்சிக்கு இல்லை, இயங்குவதைப் பார்க்காமல் வாங்க எனக்கு மனமில்லை.

எனக்குத் தேவைப்பட்டது இருட்டறையில் படம் பார்ப்பதற்கான திரை. இந்த ஒரு தேவைக்குப் பிளாஸ்மாவை மிஞ்ச எல்சிடியால் நெடுங்காலம் முடியவில்லை. பிளாஸ்மாவில் இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே நியான், செனான் வாயுக்கள் அடைத்த நுண்ணறைகள் இருக்கும். மின்சாரம் பாய்ந்ததும் வாயுவிலிருந்து எழும் புறஊதாக் கதிர் அறையின் உட்பூச்சில் பட்டு, அந்தப் புள்ளி தானாகவே ஒளிரும். ஒளிர வேண்டாத புள்ளி ஏறக்குறைய அணைந்தே கிடக்கும் என்பதால் கறுப்பு கறுப்பாகவே தெரிந்தது. பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்தாலும் நிறம் வெளுக்காது, ஓடுகிற காட்சியும் இழுபடாது. எல்சிடி திரை தானாக ஒளிர்வதில்லை. பின்னாலோ ஓரத்திலோ எரியும் விளக்கின் வெளிச்சத்தைத் திரவப் படிகம் புள்ளிக்குப் புள்ளி விடுகிறது, அல்லது மறைக்கிறது. முழுதாக மறைக்க அதனால் இயலாததால் எவ்வளவு வெளிச்சம் கசிகிறதோ அவ்வளவுக்குக் கறுப்பு சாம்பலாகும். எல்இடி, க்யூஎல்இடி, மினி எல்இடி என்று எந்தப் பெயரில் விற்றாலும் அவை பின்விளக்கோ அதன்மேல் போடும் படலமோ மாறிய எல்சிடிகள்தான். தானே ஒளிர்வது ஓஎல்இடி. அதன் விலை என் கைக்கு எட்டவில்லை.

பிளாஸ்மா மீது ஆசை இருந்தாலும் அது முடிந்துபோன கதை. பானசோனிக் 2013 அக்டோபரில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. சாம்சங்கும் எல்ஜியும் அடுத்த ஆண்டிலேயே விலகிக்கொண்டன. உள்ளே இருக்கும் மின்னணுப் பலகை (போர்டு) போனால், பழைய டிவியிலிருந்து பிரித்தெடுத்த போர்டைத்தான் தேட வேண்டும். அதோடு, 50 அங்குலப் பிளாஸ்மா வெளிச்சமான காட்சிகளில் 300 வாட் வரைகூட இழுக்கும். கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை நம் ஊரில் கணக்குப் பார்க்காமல் இருக்க முடியாது.

எனவே எல்சிடி என்று முடிவானது. எந்த எல்சிடி என்பதில்தான் விஷயமே இருக்கிறது. படம் தெரியும் தகடான பேனலில் ஐபிஎஸ், விஏ என்று இரண்டு வகை பரவலாக வருகின்றன. ஐபிஎஸ் பக்கவாட்டிலிருந்து பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் அதன் வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம் ஏறத்தாழ 1000க்கு 1 என்ற அளவில்தான் நிற்கும். விஏ பேனலில் அது 3000க்கு 1, அதற்கு மேலும் போகும். நேராக உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது அதன் குறை. எங்கள் அறையில் எல்லோரும் திரைக்கு நேராகவே உட்காருவோம். ஆகவே விஏ பேனலும், பின்விளக்கு முழுப் பரப்பிலும் பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டு இருண்ட இடங்களில் தணிந்துகொள்ளும் வசதியும் உள்ள 55 அங்குல மாடல் ஒன்றைக் குறித்துக்கொண்டு போனேன்.

கடையில் நான் எல்சிடி என்று சொன்னதும் விற்பனையாளர், “சார், எல்சிடி எல்லாம் எப்பவோ போயிடுச்சு, இது எல்இடி” என்று திருத்தினார். அதை விடுங்கள், அந்தப் பையனுக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். கடைகளில் டிவிகள் பெரும்பாலும் காட்சிக்கான அமைப்பில் ஓடும்: வெளிச்சம் உச்சத்தில், நீலம் தூக்கலாக. போதாக்குறைக்குத் தலைக்குமேல் வரிசையாக விளக்குகள். அந்த வெளிச்சத்தில் ஐபிஎஸ், விஏ வித்தியாசமோ கறுப்பின் தரமோ யார் கண்ணுக்கும் தெரியாது. பூவும் கிளியும் பளபளக்கும் காட்சிகளையே திரும்பத் திரும்ப ஓடவிடுவதும் அதனால்தான். நான் திரைப்பட அமைப்புக்கு மாற்றச் சொல்லி, அந்த வரிசை விளக்கை அணைக்கச் சொல்லி, இருண்ட காட்சி ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். மாடல் நான் எதிர்பார்த்தபடியே இருந்தது. விலைச்சீட்டையும் அதிலிருந்த மாடல் எண்ணையும் செல்பேசியில் படம் எடுத்துக்கொண்டேன். பின்னால் எனக்குக் கைகொடுத்த ஒரே சான்று அந்தப் படம்தான்.

பணம் கட்டி முடித்த பிறகு வந்த பில்லில் ‘55 அங்குல 4கே எல்இடி டிவி, 1’ என்று மட்டுமே இருந்தது. மாடல் எண் எங்கே என்று கேட்டதற்கு, “கம்ப்யூட்டர்ல அவ்வளவுதான் சார் வரும், வாரண்டி கார்டுல முழுசா இருக்கும்” என்றார்கள். பில்லின் அடியில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று முத்திரை வேறு. காட்சியில் இருந்ததைத் தர மாட்டோம், கிடங்கிலிருந்து புதுப்பெட்டி வரும் என்றார்கள், அது நியாயம்தான். டெம்போவில் பெட்டியைக் கொண்டுவந்தவர்கள், கம்பெனி ஆள் வந்துதான் பிரிக்க வேண்டும், இல்லாவிட்டால் வாரண்டி போய்விடும் என்று சொல்லி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பொருத்த வந்த நிறுவனத்து ஊழியர் பெட்டியில் இருந்ததைச் சுவரில் மாட்டினார். எந்த மாடலுக்குப் பணம் கட்டப்பட்டது என்பது அவருக்குத் தெரிய நியாயமில்லை.

அன்றிரவு விளக்கை அணைத்துவிட்டுப் படம் போட்டதுமே வித்தியாசம் தெரிந்தது. பெரும்பாலான படங்கள் 2.39க்கு 1 என்ற அகலத் திரையில் எடுக்கப்படுகின்றன. டிவியோ 16க்கு 9. ஆகவே மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும், இரண்டையும் சேர்த்தால் திரையில் கால் பங்குக்குச் சற்று அதிகம். அந்தக் கால் பங்கும் எங்கள் டிவியில் கறுப்பாக இல்லை. நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் அறைச் சுவர் தெரியும் அளவுக்கு ஒளிர்ந்துகொண்டிருந்தது. கீழ் இரண்டு மூலைகளிலும் சட்டத்தின் ஓரத்திலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு வெளிச்சம் பிதுங்கி நின்றது. காட்சி இருளும்போது பகுதி பகுதியாகத் தணிய வேண்டிய பின்விளக்கு ஒட்டுமொத்தமாக மங்கி, ஒட்டுமொத்தமாக ஏறியது. பக்கவாட்டில் நகர்ந்து நின்று பார்த்தால் நிறம் சற்றும் வெளுக்கவில்லை. ஐபிஎஸ் வகைப் பேனல், ஓர விளக்கு என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை.

மறுநாள் டிவியைச் சுவரிலிருந்து இறக்கிப் பின்பக்க ஸ்டிக்கரைப் பார்த்தால், மாடல் எண்ணின் முன்பகுதி நான் படம் எடுத்ததைப் போலவே இருந்தது, நடுவில் ஓர் எண்ணும் கடைசியில் ஓர் எழுத்தும் மட்டும் வேறாக இருந்தன. நிறுவனத்தின் இணையதளத்தில் பார்த்தபோது அது ஒரு படி கீழான தொடர் என்று தெரிந்தது. விலை ஏறத்தாழ பதினைந்தாயிரம் ரூபாய் குறைவு. சட்டமும் காலும் ஒரே அச்சு என்பதால் வெளித்தோற்றத்தில் இரட்டைப் பிள்ளைகள். அட்டைப்பெட்டியில் மாடல் எண் இருந்திருக்க வேண்டிய இடத்தின் மேல் கடையின் டெலிவரிச் சீட்டு ஒட்டப்பட்டிருந்தது. தற்செயல் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

படத்தையும் ஸ்டிக்கரையும் காட்டியபோது விற்பனையாளர் பதில் சொல்லாமல் முதலாளியிடம் அனுப்பினார். அவர் முதலில் இரண்டும் ஒன்றுதான் என்றார். பிறகு ஸ்டாக் தீர்ந்ததால் ‘அதற்கு இணையான’ மாடல் போயிருக்கும் என்றார். பெட்டியைப் பிரித்துவிட்டதால் எதுவும் செய்ய முடியாது என்று கடைசியில் கையை விரித்தார். நான் விடாமல் நிற்கவே குரல் மாறியது. “தம்பி, உங்களுக்குக் கறுப்பு நல்லா வரணும், அவ்வளவுதானே? ஒரிஜினல் பிளாஸ்மா ஒண்ணு நம்மகிட்ட இருக்கு, முழு எச்டி, வீட்ல லேசா ஓடினது. இதைக் குடுத்துட்டு அதை எடுத்துக்கங்க, மேல ஐயாயிரம் தர்றேன்” என்றார். இருட்டறைக்குப் பிளாஸ்மாதான் நல்லது என்று எங்கோ கேட்டு வைத்திருக்கும் ஆளாக என்னைக் கணித்திருக்கிறார். அந்த அரைகுறை உண்மை பலரைச் சாய்த்துவிடும்.

சரி, பார்க்கிறேன் அண்ணே என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். அவர்கள் போட்டுக்காட்டிய பாட்டுக் காட்சியில் ஒன்றும் தெரியவில்லை. செல்பேசியிலிருந்து ஒரே நிறம் மட்டுமான படங்களைப் பென்டிரைவில் ஏற்றி, முழுத்திரையில் முதலில் வெள்ளையையும் அடுத்து சிவப்பையும் போட்டேன். வெள்ளையில் திரையின் அடிப்பாகத்தில் நீளமாக ஒரு பட்டை பழுப்பேறித் தெரிந்தது. செய்திச் சேனல்களில் கீழே எழுத்து ஓடும் அந்தப் பட்டை. சிவப்பில் வலது மேல் மூலையில் ஒரு சேனலின் முத்திரையே வட்டமாகப் பதிந்திருந்தது. விடுதி வரவேற்பறையிலோ மருத்துவமனைக் காத்திருப்புக் கூடத்திலோ வருடக்கணக்கில் ஒரே சேனலைக் காட்டிய டிவி அது. பிளாஸ்மாவின் உட்பூச்சு அதிகம் ஒளிர்ந்த இடத்தில் தேய்ந்து இப்படித் தழும்பாகும், அதைத் துடைத்து எடுக்க வழியில்லை. ‘முழு எச்டி’ என்றதும் பொய். பின்பக்க எண்ணைத் தேடிப் பார்த்ததில் 1024×768 புள்ளிகள் கொண்ட பேனல் என்று தெரிந்தது. முழு எச்டி என்றால் 1920×1080 இருக்க வேண்டும். பழைய பிளாஸ்மாவை விரும்பியே தேடுகிறவர்கள் சிலர் இருக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், ஆனால் இந்த இரண்டு சோதனைகளையும் செய்யாமல் கைக்காசைத் தரவேண்டாம்.

நிறுவனத்தின் சேவை மையமும் உதவவில்லை. வந்த தொழில்நுட்பர் மூலை வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு, இந்த மாடலுக்கு இது இயல்பான அளவுதான் என்று எழுதிக்கொடுத்தார். அவர் சொன்னது தவறல்ல. அந்த மாடலுக்கு அது இயல்பே. நான் காசு கொடுத்தது வேறு மாடலுக்கு என்பது அவருடைய படிவத்தில் எழுதும் விஷயம் இல்லை. இத்தகைய வழக்கில் பழுது என்று புகார் கொடுத்தால் இப்படித்தான் முடியும். புகாரை நிறுவனத்தின்மீது பழுது என்று எழுதாமல், கடையின்மீது மாற்றிக் கொடுத்தார்கள் என்று எழுத வேண்டும்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்தபின் கடையிலிருந்து தாமாகவே அழைத்தார்கள். டிவியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம், ஆனால் பெட்டி பிரித்த வகையிலும் வண்டி வாடகை வகையிலும் எட்டாயிரம் பிடித்துக்கொள்வோம் என்றார்கள். தாங்கள் மாற்றி அனுப்பியதற்கு என்னிடம் வாடகை கேட்பதை ஏற்க முடியாது என்று எழுத்தில் பதில் கொடுத்துவிட்டு, கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு செய்திருக்கிறேன். இது பலருக்குத் தெரியாத விவரம்: 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வாங்கியவர் தாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம், கடை புதுச்சேரியில் இருப்பதால் அங்கே அலைய வேண்டியதில்லை. கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்கு உட்பட்டதானால் மனுக் கட்டணம் கிடையாது. பில் தர மறுப்பதையும், பில்லில் கெடு எதுவும் குறிக்காதபோது குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்பப் பெற மறுப்பதையும் அதே சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. அந்த ரப்பர் முத்திரையைக் கண்டு பின்வாங்க வேண்டாம்.

வாங்கப் போகிறவர்கள் செய்ய வேண்டியது அதிகமில்லை. மாடல் எண்ணின் கடைசி எழுத்துவரை பில்லில் எழுதினால்தான் பணம் என்று சொல்லிவிடுங்கள். ஒரே தொடரிலும் அளவுக்கு அளவு பேனல் மாறும் என்பதால் அங்குலக் கணக்கும் அதனுடன் சேர்ந்திருக்கட்டும். டெலிவரிச் சீட்டில் கையெழுத்துப் போடுமுன் பெட்டியின்மேல் எந்த ஒட்டு இருந்தாலும் உரித்துப் பாருங்கள். ஏற்கெனவே கடந்த தீபாவளிச் சலுகையில் புதுச்சேரியில் வாங்கி மாட்டிவிட்டவர்களும் டிவியின் பின்பக்க ஸ்டிக்கரைப் பில்லோடும் கடையில் எடுத்த படத்தோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். வேறாக இருந்தால் மனு கொடுக்க வாங்கிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் அவகாசம் இருக்கிறது. அட்டைப்பெட்டியை மட்டும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள், ஆணையத்தில் அதுவும் சான்றாக உதவும்.