கொடைக்கானலா, ஊட்டியா? மலையும் ஏறணும், ஞாயிறு ஆராதனையும் தவறக்கூடாது

மே விடுமுறைக்கு மலைக்குப் போகலாம் என்று முடிவானதும் கிறிஸ்தவ வீடுகளில் இரண்டு கேள்விகள் எழும். ஏறி இறங்க என்ன இருக்கிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமை எந்தக் கோயிலுக்கு என்று பாட்டி கேட்பார். என் ஓட்டு கொடைக்கானலுக்கு. ஆனால் ஊட்டியைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது.

ஊட்டி, கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் உருவாக்கிய ஊர். கொடைக்கானலில் 1845இல் முதல் வீடுகளைக் கட்டியவர்கள் மதுரையில் ஊழியம் செய்த அமெரிக்க மிஷனரிகள். சமவெளியின் நோய்களுக்குத் தங்கள் ஆட்களைப் பறிகொடுத்தபின் சிறுமலையில் குடியேறிப் பார்த்தார்கள். அங்கேயும் காய்ச்சல் விடவில்லை. அதன்பிறகுதான் இன்னும் உயரம் தேடினார்கள். சாலை வரும்வரை பெரியகுளம் பக்கமிருந்து வெள்ளகவி என்ற மலைக் கிராமம் வழியாகத்தான் ஏற்றம்.

அந்த வெள்ளகவிக்கு இன்றும் நடந்து போகிறார்கள். வட்டக்கானலில் தொடங்கி டால்பின் நோஸ் பாறைவரை மர வேர்களே படிக்கட்டு. இறங்கும்போது பிள்ளைகள் ஓடுவார்கள், திரும்பி ஏறும்போது அப்பாக்களுக்கு மூச்சு வாங்கும். சின்னப் பிள்ளைகள் இருந்தால் அதோடு திரும்பிவிடுங்கள். வெள்ளகவி இன்னும் கீழே இருக்கிறது. அந்த ஊருக்குள் யாரும் செருப்பு போடுவதில்லை. ஊர் மண்ணையே தெய்வத்தின் இடமாக வைத்திருக்கிறார்கள். நாமும் கழற்றத்தான் வேண்டும். எரியும் முட்செடியின் முன் மோசே பாதரட்சையைக் கழற்றிய கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல இடம் தெரியவில்லை. ஒன்று மட்டும்: வழியில் கூட்டமாகப் பாட்டுப் பாடிக்கொண்டு போகாதீர்கள். காட்டுமாடுகள் நடமாடும் இடம். பாட்டை விடுதியில் வைத்துக்கொள்ளலாம்.

ஊட்டியில் மலை பெரியது, நடை குறைவு. 2,637 மீட்டர் தொட்டபெட்டாவின் உச்சிக்கே கார் போகும். அவலாஞ்சி பக்கம் அருமையான பாதைகள் உண்டு, ஆனால் வனத்துறையின் மலையேற்றத் திட்டத்தில் ஆன்லைனில் பதிவுசெய்து, வழிகாட்டியோடுதான் போக முடியும். 2018 குரங்கணி தீ விபத்துக்குப் பிறகு இந்தக் கண்டிப்பை யாரும் குறை சொல்ல முடியாது. காட்டுத்தீ காலத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள், அதனால் ஈஸ்டரை ஒட்டிப் போகிறவர்கள் முன்கூட்டியே விசாரிப்பது நல்லது.

முட்டிவலிக்காரர்கள் உடன் வந்தால் ஊட்டிக்கே என் ஓட்டும் போகும். மேட்டுப்பாளையத்திலிருந்து 46 கிலோமீட்டர் ரயிலில் உட்கார்ந்தபடியே மலை ஏறிவிடலாம். புனித ஸ்டீபன் ஆலயம் 1830களுக்குச் சற்று முன் கட்டத் தொடங்கியது. உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து வந்தவை என்பார்கள். கல்லறைத் தோட்டத்தில் சல்லிவனின் மனைவியும் மகளும் இருக்கிறார்கள். கத்தோலிக்கருக்குக் காந்தல் குருசடி என்ற சிலுவைத் திருத்தலம். அதன் திருவிழா மே 3ஐ ஒட்டி வருவதால் பள்ளி விடுமுறைக்குச் சரியாகப் பொருந்தும், கூட்டமும் அப்படியே. கொடைக்கானல் சலேத் மாதா திருவிழா ஆகஸ்ட் 15ஐ ஒட்டி. அப்போது மழையும் வழுக்கலும் இருக்கும், நடைக்கு உகந்த நேரமில்லை.

உண்மையான சிக்கல் ஞாயிறு காலைதான். மலையில் வானம் தெளிவாக இருப்பது காலையில். மதியமானால் மூடுபனியோ மழையோ இறங்கிவிடும். ஆராதனையும் அதே நேரம். சனி மாலைத் திருப்பலி உள்ள பங்கு கிடைத்தால் கத்தோலிக்கருக்கு ஞாயிறு முழுவதும் கையில் இருக்கும். சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே குடும்பங்களுக்கு அந்த வசதி கிடையாது. அவர்கள் பெரிய நடையைச் சனிக்கிழமை முடித்துவிட்டு, ஞாயிறு ஆராதனைக்குப் பின் ஏரியைச் சுற்றி வரலாம். கொடைக்கானலில் ஏரியும் கோக்கர்ஸ் வாக் நடைபாதையும் ஊருக்குள்ளேயே இருப்பதால் இது எளிது. ஊட்டியில் அந்த மதியம் பெரும்பாலும் போக்குவரத்து நெரிசலிலேயே போய்விடும்.

இரண்டில் எந்த ஊரானாலும், காரில் போனால் ஆன்லைன் அனுமதியான இ-பாஸ் கட்டாயம். 2025 சீசனில் உயர் நீதிமன்றம் விதித்த உச்சவரம்பு ஊட்டிக்கு வார நாளில் 6,000 வாகனம், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. கொடைக்கானல் போகிறவர்கள் வெள்ளிக்கிழமை இரவுவரை பாஸைத் தள்ளிப்போடாதீர்கள்.