உணவு விழாவா, ஒரே ரொட்டியா?

பல பண்பாடுகளைக் குழந்தைகளுக்கு அறிமுகப்படுத்த உணவை விட எளிய வழி இல்லை, சரி. ஆனால் எப்படி? பலரும் செய்வது உணவு விழா: ஒரே நாளில் பத்துப் பதினைந்து நாட்டுச் சாப்பாட்டை மேசையில் பரப்பி, பக்கத்தில் கொடியைக் குத்தி வைப்பது. கலகலப்பாக இருக்கும், பெற்றோரும் சேர்ந்துகொள்வார்கள், படமும் நன்றாக வரும். பிள்ளைகளோ ஒரு வாய் கடித்துவிட்டு 'ஐயே' என்று அடுத்த தட்டுக்கு ஓடிவிடுவார்கள்.

இன்னொரு வழி, ஒரே உணவை எடுத்துக்கொண்டு அதன் பின்னாலேயே போவது. ரொட்டியையே எடுங்களேன். மெக்சிகோவில் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவைத்து, அரைத்து டார்ட்டியா சுடுகிறார்கள். எத்தியோப்பியாவில் டெஃப் என்ற பொடித் தானிய மாவைச் சில நாள் புளிக்கவிட்டு இன்ஜெரா வார்த்து, அதையே தட்டுபோல விரித்து எல்லோரும் ஒன்றாகக் கிள்ளிச் சாப்பிடுகிறார்கள். யூதர்களின் பாஸ்கா பண்டிகைக்கான மட்சாவையோ, மாவில் தண்ணீர் பட்டதிலிருந்து 18 நிமிடத்துக்குள் சுட்டுவிட வேண்டும், புளிக்கவே கூடாது. ஒருவர் புளிக்கட்டும் என்று காத்திருக்கிறார், இன்னொருவர் புளித்துவிடுமோ என்று ஓடுகிறார். ஏன் என்று குழந்தையே கேட்கும், அந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவு பாடும்.

இதற்கு நேரம் பிடிக்கும், மாவுக்கை சுவரிலும் படும். பெரிய வகுப்புக்கு விழாதான் ஒத்துவரும், மறுக்கவில்லை. ஆனாலும் என் ஓட்டு ரொட்டிக்கு. விழாதான் என்றால் கொடிகளை எடுத்துவிட்டு, சமைத்தவரையே தட்டுக்குப் பக்கத்தில் நிற்க வையுங்கள். அப்புறம், எதுவானாலும் யாருக்கு என்ன ஒவ்வாமை, யார் எதைச் சாப்பிட மாட்டார்கள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.