மோட்டார் காயில் பட்டறையில் கட்டி வாங்கிய பத்து காயில்கள்

மன்னார்குடி பேருந்து நிலையத்துக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கிற ஒரு மோட்டார் காயில் கட்டும் பட்டறையைப் பற்றி எழுதுகிறேன். எரிந்துபோன பம்புசெட் மோட்டார்கள் வாசல்வரை கிடக்கும். நான் கொண்டுபோனது மோட்டார் இல்லை, ஒரு இன்ச் பிவிசி பைப்பில் வெட்டிய பத்து துண்டுகள். முதுகலை இயற்பியல் மாணவர்களுக்கு டோபாலஜி சார்ந்த விளிம்பு நிலையை, அதாவது ஒரு வரிசை கோக்கப்பட்ட முறையாலேயே அதன் முனையில் தங்கும் அதிர்வைச் செய்துகாட்ட, ஒன்றுபோலப் பத்து காயில் வேண்டும் என்றேன். "எத்தனை சுத்து, என்ன கேஜ் மேடம்? அத மட்டும் எழுதிக் குடுங்க" என்றார் பட்டறை அண்ணன்.

இதை ஒளியிலேயே செய்ய, கண்ணாடிக்குள் லேசரால் எழுதிய, ஒளி செல்லும் அலைவழிகள் போன்றவை வேண்டும். எங்கள் துறைக்கு அது எட்டாத செலவு. ஆனால் காயிலும் கெப்பாசிட்டரும் கொண்ட கணுக்களை வரிசையாகக் கோத்து, இணைப்பை ஒன்றுவிட்டு ஒன்று வலுவாகவும் பலவீனமாகவும் வைத்தால் அதே கணக்குதான் வருகிறது. சூ, ஷ்ரீஃபர், ஹீகர் என்ற இயற்பியலாளர்கள் மூவரும் 1979-ல் பாலிஅசிட்டிலீன் என்ற பாலிமர் சங்கிலிக்கு எழுதிய மாதிரி அது. வரிசை பலவீனமான இணைப்பில் தொடங்கினால், அந்த முனையிலேயே தங்கிவிடும் ஓர் அதிர்வு கிடைக்கும்.

நான் எடுத்தது ஒவ்வொரு கணுவிலிருந்தும் தரைக்கு 1 மில்லிஹென்றி காயில், கணுக்களுக்கு நடுவே மாறி மாறி 22 (பலவீனம்), 100 (வலு) நானோஃபாரட் கெப்பாசிட்டர்கள். முனைக் கணுக்களில் மட்டும் தரைக்கு இன்னொரு 100 நானோஃபாரட் போட வேண்டும், இல்லாவிட்டால் அவற்றின் அதிர்வெண் தனியாக விலகிவிடும். விளிம்பு நிலை 14.4 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் வரவேண்டும், வந்தது. முதல் கணுவில் முழு மின்னழுத்தம், இரண்டாவதில் ஏறக்குறைய ஒன்றுமில்லை, மூன்றாவதில் முதலில் இருந்ததில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். அலைகாட்டியில் இதைப் பார்த்தபோது வகுப்பே மேசையைச் சுற்றி நின்றுவிட்டது.

எனக்கு முக்கியம் இதற்கு அடுத்த கட்டம். ஒளியைக் கையாளும் போட்டோனிக் அமைப்பு எதுவானாலும் இழப்பு இருக்கும். ஒளி உறிஞ்சப்படும், வளைவுகளில் கசியும். எல்லாக் கணுவிலும் இழப்பு சமமாக இருந்தால் அதிர்வெண் வரைபடத்தில் சிகரம் அகலமாகும், அவ்வளவுதான். அதிர்வு எங்கே தங்குகிறது என்பது மாறாது. இரட்டைப்படைக் கணுக்களில் மட்டும் இழப்பைச் சேர்த்தால் இன்னும் அழகு. இடது முனை நிலை ஒற்றைப்படைக் கணுக்களில் மட்டுமே வாழ்வதால் அதற்கு ஒன்றும் ஆகாது, மற்ற அதிர்வுகள் மட்டும் அடங்கிப்போகும். 2015-ல் நீஸ் நகரத்து ஆய்வாளர்கள் மைக்ரோவேவ் ரெசனேட்டர் வரிசையில், உறிஞ்சும் பொருளை இப்படித் தேர்ந்த இடங்களில் வைத்து, நடுவில் இரண்டு விதக் கோப்பு சந்திக்கும் இடத்தில் உருவாகும் இடைமுக நிலையைத் தனியாக எடுத்துக்காட்டினார்கள். நாங்கள் இரண்டு, நான்கு, ஆறு என்று எல்லா இரட்டைப்படைக் கணுக்களிலும் 470 ஓம் மின்தடைகளை வைத்தோம். இடது முனையிலிருந்து சிக்னல் கொடுத்தால் சிகரம் அப்படியே நிற்கிறது. வலது முனையிலிருந்து கொடுத்தால் சுருண்டுவிடுகிறது, ஏனென்றால் அந்த முனை நிலை இருப்பதே இரட்டைப்படைக் கணுக்களில். இழப்பு என்றாலே கெடுதல் என்று நினைத்திருந்த பிள்ளைகளுக்கு இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

இதற்கெல்லாம் காயில்கள் ஒன்றுபோல இருந்தாக வேண்டும். முதலில் வாங்கிய ரெடிமேட் சோக்குகள் (கடையில் கிடைக்கும் காயில்கள்) பத்து சதவீதம் வரை முன்னே பின்னே இருந்தன; அதிர்வு இரண்டாவது கணுவுக்கும் வழிந்தது. பட்டறைக் காயில்கள் 24 கேஜ் எனாமல் கம்பியில் ஏறக்குறைய 160 சுற்று. மீட்டரில் எல்லாமே 0.98-க்கும் 1.01 மில்லிஹென்றிக்கும் நடுவில் நின்றன, மின்தடை 1.3, 1.4 ஓம். கையால் சுற்றியவை இவை. சுற்றை எண்ணுவதிலும் கம்பியை ஒரே இழுப்பில் பிடிப்பதிலும் அந்த அண்ணனுக்கு இருக்கிற பழக்கம்தான் காரணம். பார்த்துக்கொண்டே நிற்கலாம் போலிருந்தது.

குறை என்றால் நேரம். மேட்டூர் திறந்து குறுவை நடவு தொடங்கியதும் ஊர் மோட்டாரெல்லாம் இங்கேதான் வருகிறது. நம் வேலை பின்னுக்குப் போய்விடும். அது நியாயமும்கூட, போர்வெல் ஓடாவிட்டால் நாற்று காய்ந்துவிடும். அறுவடை முடிந்து மாசி, பங்குனியில் கொடுத்தால் சீக்கிரம் கிடைக்கும். கம்பி முனைகளில் எனாமலைச் சுரண்டித் தரச் சொல்லிவிடுங்கள், எனக்குச் சுரண்டாமலே வந்தது. வார்னிஷ் நன்றாகக் காய்ந்த பிறகே வாங்குங்கள்.

ஒரு காயிலுக்கு 60 ரூபாய் கொடுத்தேன், கம்பியும் சேர்த்து. செய்து பார்க்கிறவர்கள் காயில்களை நெருக்கி வைக்க வேண்டாம். ஒன்றின் காந்தப்புலம் அடுத்ததில் பாய்ந்து இணைப்புக் கணக்கைக் கெடுக்கும். ஒரு முழம் இடைவெளி விட்டு, பக்கத்துக் காயிலைச் செங்குத்தாகத் திருப்பி வைத்தால் போதும்.