மலையில் மங்கிய கார் பெயிண்ட்: கையால் ரப்பிங்கா, மெஷின் பாலிஷா, செராமிக்கா, பெயிண்ட் பூத்துக்கே விடலாமா?

கோத்தகிரியில் எங்கள் வீடு, ரோட்டிலிருந்து நாற்பது படி கீழே இறங்கினால் வருகிற வீடு. அதனால் கார் எப்போதும் ரோட்டோரத்தில்தான் நிற்கும், ஷெட் எல்லாம் கிடையாது. 2004 மாடல் சிவப்பு மாருதி 800, தினமும் ஓடுகிற வண்டி. ஒரு பக்கம் முழு வெயில், இன்னொரு பக்கம் மண்மேடும் சில்வர் ஓக் மரமும். இத்தனை வருஷத்தில் கூரையும் பானெட்டும் சிவப்பு போய் ரோஸாகி, அதற்கு மேல் சுண்ணாம்பு தடவின மாதிரி வெளுத்துவிட்டது. மேட்டுப் பக்கம் கண்ணாடியைச் சுற்றிய ரப்பர் பீடிங்கில் பாசி. குன்னூரில் இருக்கும் மச்சானின் சில்வர் கலர் செடானும் இதே மாதிரி மங்கிக் கிடந்தது. இரண்டு பேரும் சேர்ந்தே விசாரிக்க ஆரம்பித்தோம். இரண்டு வண்டிக்கும் ஒரே வைத்தியம் என்றுதான் முதலில் நினைத்தோம், அங்கேதான் தப்பு.

கீழே சமவெளியில் இருக்கிற சொந்தக்காரர்கள், "உங்க ஊர்ல வெயிலே இல்லையே, பெயிண்ட் எப்படிப் போகும்?" என்று கேட்பார்கள். சூடு இல்லை என்பது உண்மைதான். ஆனால் பெயிண்டைத் தின்பது சூட்டை விட புற ஊதாக் கதிர். அது 1,000 மீட்டர் மேலே ஏறினால் ஏறக்குறைய 10 சதவீதம் கூடும். ஊட்டி 2,240 மீட்டர், கோத்தகிரி சுமார் 1,800. கைக்கு உறைக்காத வெயில் பெயிண்டுக்கு நன்றாகவே உறைக்கிறது, அதிலும் சிவப்பு சீக்கிரம் வெளுக்கிற நிறம். இதோடு வருஷத்தில் பாதி நாள் மூடுபனி, ஈரம், மரத்துப் பிசின், கற்பூர மர (யூகலிப்டஸ்) இலை ஊறி விழும் கறை. மலைப் பாதையில் பிரேக் மிதித்து மிதித்து இறங்குவதால் கதவின் கீழ்ப்பக்கம் அப்பிக்கொள்ளும் இரும்புத் தூள் வேறு.

எந்த வழிக்குப் போவது என்று பார்க்கும் முன் வண்டிக்கு மேலே கிளியர் கோட், அதாவது நிறத்துக்கு மேல் அடிக்கும் நிறமில்லாத பூச்சு, இருக்கிறதா என்று தெரிய வேண்டும். வெள்ளை பனியன் துணியில் கொஞ்சம் ரப்பிங் கம்பவுண்ட் (பெயிண்டை உரசி எடுக்கும் பசை) எடுத்து, டிக்கிக் கதவின் கீழ் ஓரம் மாதிரி கண்ணில் படாத இடத்தில் தேய்த்துப் பாருங்கள். துணியில் கார் நிறமே வந்தால் கிளியர் கோட் இல்லை, நீங்கள் தேய்ப்பது நேரடியாக நிறத்தை. என் துணி குங்குமம் துடைத்த மாதிரி ஆயிற்று. மச்சான் வண்டியில் துணி லேசான அழுக்கோடு நின்றது, அதாவது மேலே கிளியர் கோட் இருக்கிறது. ஆனால் பானெட்டில் திட்டுத்திட்டாக வெளுத்த இடங்களின் ஓரத்தில் நகம் வைத்தால் தட்டியது, பாம்புச் சட்டை மாதிரி உரிய ஆரம்பித்திருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் மங்கல்தான். என்னுடையது மேல்தோல் செத்துப்போன பெயிண்ட், தேய்த்தால் அடியில் உயிர் இருக்கும். அவனுடையது பிடிப்பே விட்டுப்போனது. அதை எந்தக் கம்பவுண்டும் எந்த மெஷினும் ஒட்ட வைக்காது, தேய்க்கத் தேய்க்க உரிசல்தான் பெரிதாகும். இதைச் சொல்லாமலே பாலிஷுக்குக் காசு வாங்குகிற கடைகளும் இருக்கின்றன, அதனால் நீங்களே பார்த்துக்கொள்வது நல்லது.

இன்னொரு கணக்கையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி பெயிண்ட், ப்ரைமர் என்கிற அடிப்பூச்சு முதல் கிளியர் வரை எல்லா அடுக்கும் சேர்த்து, பெரும்பாலும் 100 முதல் 140 மைக்ரான்தான். அதில் கிளியர் கோட் மட்டும் 35 முதல் 50. தலைமுடி ஒன்றின் பருமனே 70 மைக்ரான் அளவு. பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்தால் ஒவ்வொரு தடவையும் புதுப் பித்தளை வரும். காரில் நாலைந்து தடவை பலமாகத் தேய்த்தால் ப்ரைமர்தான் வரும்.

சரி, கையால் ரப்பிங். ஒரு டப்பா கம்பவுண்ட், நாலு மைக்ரோஃபைபர் துணி, ஐநூறு அறுநூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். நான் முதலில் இதைத்தான் செய்தேன். கூரைக்கு மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. இரண்டடிக்கு இரண்டடி சதுரமாகப் பிரித்துக்கொண்டு ஒவ்வொன்றையும் கால் மணி நேரம் தேய்க்க வேண்டும், தோள்பட்டை அடுத்த புதன் வரைக்கும் வலித்தது. ஆனால் கிளியர் கோட் இல்லாத பழைய சாலிட் பெயிண்டில் கைவேலை தரும் பலன் ஆச்சரியமானது: ரோஸ் போய் சிவப்பு திரும்ப வந்ததைப் பார்த்து பக்கத்து வீட்டுக்காரர், "பெயிண்ட் அடிச்சீங்களாண்ணா?" என்று கேட்டார். கிளியர் கோட் உள்ள வண்டியில் இதே உழைப்பு இவ்வளவு தராது. அந்தப் பூச்சு கடினமானது, கை அழுத்தம் ஒரே சீராக இருக்காது, கடைசியில் வெயிலில் நிறுத்தினால் மேகம் மேகமாகத் தெரியும். கதவுக் கைப்பிடியைச் சுற்றிய நகக்கீறல், சின்னப் பிசின் கறை என்றால் கை போதும்.

கம்பவுண்டுக்குப் பதில் பல் பேஸ்ட், மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். மண்ணெண்ணெய் துடைத்தால் ஒரு நாள் மினுங்கும், மறுநாள் எண்ணெய்ப் பசையில் ரோட்டுத் தூசி முழுக்க ஒட்டியிருக்கும். விட்டுவிடுங்கள்.

மெஷினுக்கு வருவோம். இதில் ரோட்டரி, டி.ஏ. (டூயல் ஆக்‌ஷன்) என்று இரண்டு ஜாதி. ரோட்டரி ஒரே அச்சில் சுற்றும், வேகமாக வெட்டும், பழக்கம் இல்லாத கையில் இருந்தால் ஒரே இடத்தில் சூடேறி விளிம்பில் பெயிண்டையே எரித்துவிடும். பானெட் மடிப்பு, கூரை ஓரம் மாதிரி இடங்களில் பெயிண்ட் இயல்பாகவே மெலிசு, முதலில் போவது அதுதான். பிளாஸ்டிக் பம்பர் சூட்டை இன்னும் மோசமாகத் தாங்கும். டி.ஏ. மெஷின் சுற்றிக்கொண்டே ஆடவும் செய்வதால் சூடு பரவிவிடும். நேரம் அதிகம் எடுக்கும், ஆனால் வட்டம் வட்டமாகக் கோடு விழாது. கடையில் விசாரிக்கும்போது விலைக்கு முன்னால் என்ன மெஷின், விளிம்புக்கெல்லாம் மாஸ்கிங் டேப் ஒட்டுவீர்களா, பெயிண்ட் தடிமனை அளக்கும் மீட்டர் வைத்துப் பார்ப்பீர்களா என்று கேளுங்கள். மீட்டரில் ஒரு கதவு மட்டும் 250 மைக்ரானுக்கு மேல் காட்டினால் அந்தக் கதவு பெரும்பாலும் ஏற்கெனவே திரும்ப பெயிண்ட் அடித்தது என்று அர்த்தம், செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கியவர்களுக்கு இது தனி அதிர்ச்சி.

கையா மெஷினா என்றால், கிளியர் கோட் உரியாமல் வெறுமனே மங்கி, சுழல் கோடு விழுந்த வண்டிக்கு டி.ஏ. மெஷின்தான், யோசிக்கவே வேண்டாம். என் 800க்குக் கையால் கூரையை முடித்துவிட்டு மீதியை மெஷினுக்கு விட்டேன். 3,500 ரூபாய் ஆயிற்று, அரை நாள் வேலை. இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டால் மெஷின் போட்ட கதவு கண்ணாடி மாதிரி, நான் தேய்த்த கூரை நன்றாகத் துடைத்த ஸ்டீல் தட்டு மாதிரி. அதற்கு முன் ஒரு முறை வேறு கடையில் ஏமாந்தும் இருக்கிறேன். ஆயிரம் ரூபாய்க்கு முக்கால் மணி நேரத்தில் பளபளவென்று கொடுத்தார்கள். இரண்டு மழைக்கு அப்புறம் எல்லாக் கீறலும் பத்திரமாகத் திரும்பி வந்துவிட்டது. எண்ணெய்ப் பசையுள்ள பாலிஷ் கீறலை அடைத்து மறைக்கும், அவ்வளவுதான் செய்திருக்கிறார்கள். வண்டியை எடுக்கும் முன் தண்ணீர் கலந்த ஐசோபுரொபைல் ஆல்கஹாலை ஒரு இடத்தில் துடைத்துப் பார்த்தால் இந்த வேலை அங்கேயே தெரிந்துவிடும்.

எந்த வழியானாலும் முதலில் கழுவி, களிக்கட்டி மாதிரி இருக்கும் கிளே பார் போட்டு, ஒட்டியிருக்கும் தூளை இழுக்க வேண்டும். தேவையா என்று பார்க்க, கையில் ஒரு பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு பெயிண்டைத் தடவச் சொல்வார்கள், சொரசொரப்பு நன்றாகத் தெரியும். நம் நீலகிரி மாவட்டத்தில்தான் பிளாஸ்டிக் தடையால் கேரி பேக் கிடைக்காதே, பால் பாக்கெட்டைக் கழுவி வெட்டிக்கொண்டேன். கதவுக்குக் கீழே மணல் காகிதம் மாதிரி இருந்தது.

இனி செராமிக், அதாவது பெயிண்டுக்கு மேல் தடவிக் காயவிடும் பாதுகாப்புப் பூச்சு. ஆபீசில் ஒருவர் தன் புது வெள்ளை வண்டிக்குக் கோயம்புத்தூரில் 18,000 கொடுத்துப் போட்டார். கடைக்காரர் ஒரு நாள் முழுக்க ஈரம் படக் கூடாது என்று சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார். இவர் அன்று சாயங்காலமே மலையேறிவிட்டார், ஜூலை மாதம், மலைப்பாதையில் பர்லியாறு தாண்டும்போதே தூறல். காயாத பூச்சில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்த் தடம் பதிந்து, திரும்ப பாலிஷ் போட்டு எடுக்க வேண்டியதாயிற்று. செராமிக் மோசம் என்று சொல்ல வரவில்லை. பறவை எச்சம், பிசின், சேறு எல்லாம் சும்மா தண்ணீர் அடித்தாலே வழிந்து ஓடுகிறது, பாசி பிடிப்பதும் குறைவு, புது வண்டிக்குக் கொடுத்த காசு வீண் இல்லை. ஆனால் மலையில் இருப்பவர்கள் பிப்ரவரி, மார்ச்சில் போடுங்கள், அல்லது வண்டியைக் கீழேயே இரண்டு நாள் விட்டுவிட்டு பஸ்ஸில் வாருங்கள்.

பழைய வண்டிக்கு? அடியில் இருக்கிற கீறலும் மங்கலும் அப்படியே கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த மாதிரி உள்ளே மாட்டிக்கொள்ளும், அதனால் முதலில் முழு மெஷின் பாலிஷ் செய்தே ஆக வேண்டும், செலவு ரெட்டிப்பு. ஒன்பது எச் கடினம் என்று சொல்வது பென்சிலால் கீறிப் பார்க்கும் அளவுகோல். முன்னால் போகும் லாரி டயரிலிருந்து தெறிக்கும் ஜல்லிக்கும், பானெட்டில் ஏறிச் சறுக்கு விளையாடும் குரங்குக்கும் அந்த அளவுகோல் தெரியாது.

நான் செராமிக்கை விட்டு, பாட்டில் 700 ரூபாய்க்குக் கிடைத்த சாதாரண சீலன்ட் (துடைத்துப் பூசும் பாதுகாப்புத் திரவம்) பக்கம் போனேன். டப்பாவில் ஆறு மாதம் என்று போட்டிருக்கும், நம் மழைக்கு மூன்று மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஊற்றினால் முத்து முத்தாக நிற்காமல் பரவினால் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். மே கடைசியில் தென்மேற்குப் பருவமழைக்கு முன் ஒன்று, செப்டம்பர் கடைசியில் வடகிழக்குக்கு முன் ஒன்று. கார்னாபா மெழுகு சிவப்பு வண்டியில் தரும் ஆழமான மினுக்கு சீலன்டில் வராது, அதை ஒத்துக்கொள்கிறேன், ஆனால் மழை நாளில் ஒரு மாதம் தாண்டாது.

ஷோரூமில் டெலிவரியோடு தலையில் கட்டுகிற டெஃப்லான் கோட்டிங் பற்றி ஒரு வரி: தோசைக்கல்லில் டெஃப்லான் பிடிக்க 300 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், உங்கள் கார் அந்தச் சூட்டைப் பார்க்கப்போவதில்லை.

கடைசி வழி பெயிண்ட். மச்சானுக்கு வேறு வழியே இல்லை. மலையிலேயே அடிக்கலாமா, கீழே சமவெளிக்குப் போகலாமா என்பதுதான் எங்கள் விவாதம், இதில் எனக்கு சொந்த அனுபவம் உண்டு. சில வருஷத்துக்கு முன் ஒரு ஆகஸ்டில் இடது ஃபெண்டரை இங்கேயே ஒரு ஷெட்டில் அடித்தேன். இரண்டாம் நாளே சாம்பல் தூவின மாதிரி வெளுத்துவிட்டது. போய்க் கேட்டால், "மழை நிக்கட்டும்ணா, இப்ப அடிச்சா பூத்துடும்னு நான் சொன்னேன், நீங்கதான் அவசரம்னீங்க" என்றார். சொன்னார்தான். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பெயிண்டின் மேல்பரப்பு சில்லிட்டு, காற்றில் இருக்கும் ஈரம் அதன் மேலேயே படிந்து உள்ளே சிக்கிக்கொள்கிறது, அந்த வெண்மைதான் பூப்பது. ஹார்டனர் கலக்கும் டூ கே பெயிண்டிலும் ஈரம் பட்டால் மினுக்கு போகும், கொப்புளம் வரும். குளிரில் காயவும் மாட்டேன் என்கிறது. மூடிய பூத்தில் 60 டிகிரியில் அரை மணி நேரம் வேகவைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

அதனால் மச்சான் வண்டி மேட்டுப்பாளையம் இறங்கியது, எங்களுக்கு 33 கிலோமீட்டர்தான். பானெட், கூரை இரண்டும் பழைய கிளியரை முழுக்க உரசி எடுத்து அடிக்க 11,000 கேட்டார்கள். முழு வண்டிக்கு 40,000. அந்த வண்டியை விற்றாலே எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டு, இரண்டு பேனலோடு நிறுத்திக்கொண்டோம். சில்வர் மாதிரி மெட்டாலிக் நிறத்தில் ஒட்டுப்போட்டது தெரியாமல் இருப்பது கஷ்டம், பக்கத்துப் பேனலில் கொஞ்சம் கலந்து அடித்தால்தான் கண்ணை உறுத்தாது. பீடிங், கைப்பிடி எல்லாம் கழற்றி அடிக்கிறார்களா, டேப் ஒட்டி அடிக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள், டேப் ஒட்டின ஓரத்திலிருந்துதான் அடுத்த உரிசல் கிளம்பும். நிறத்தையே மாற்றுவதாக இருந்தால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. மச்சானின் பானெட் புதுசாக மின்னுவதால் இப்போது கதவெல்லாம் கிழடாகத் தெரிகிறதாம், அதையும் அடிக்கலாமா என்று போன் செய்கிறான். கதவில் கிளியர் இன்னும் உரியவில்லை, மெஷின் போதும் என்று சொல்லியிருக்கிறேன். என் வண்டி சிவப்பாகவே இருக்கிறது. கூரை ஓரத்தில் நான் ஆர்வக்கோளாறில் அழுத்தித் தேய்த்த ஒரு இடத்தில் மட்டும் புளியங்கொட்டை அளவுக்கு சாம்பல் நிற ப்ரைமர் எட்டிப் பார்த்தது. துரு ஏறும் முன் டச்சப் பெயிண்ட் வைத்து அடைத்தேன். நிறம் அரை இழை ஒத்துவரவில்லை. இதுவரை கண்டுபிடித்தது வீட்டுக்காரி மட்டும்தான்.