முட்புதர் வெட்ட எந்தக் கையுறை?

பல வருடம் ஆள் கால் படாத தோட்டத்தைச் சுத்தம் செய்யக் கிளம்பும்போது அரிவாளைத் தீட்டி வைப்போம், கையுறையை மட்டும் கிடைத்ததை மாட்டிக்கொண்டு போய்விடுவோம். நானும் அப்படித்தான் போனேன். உண்ணிச்செடியும் இலந்தையும் பின்னிக் கிடந்த மூலை அது. இலந்தையின் கணுவில் பெரும்பாலும் இரண்டு முள் இருக்கும். ஒன்று நேராக நிற்கும், இன்னொன்று கொக்கி மாதிரி வளைந்திருக்கும். கொக்கி கையுறையைப் பிடித்துக்கொண்டது. வெடுக்கென்று இழுத்தேன். நேர்முள் நடுவிரல் மூட்டில் இறங்கி, நுனி முறிந்து உள்ளேயே தங்கிவிட்டது. மூன்று வாரம் அந்த விரலை மடக்க முடியவில்லை.

நான் போட்டிருந்தது மலிவான பருத்திக் கையுறை இல்லை. வெட்டுத் தாங்கும் உயர்ரகப் பின்னல் கையுறை. தப்பு அங்கேதான்.

அந்த எண்கள் என்ன சொல்கின்றன?

வேலைக்கான கையுறைகளின் முதுகில் சின்னதாகச் சுத்தியல் படமும், அதன் கீழே நான்கு எண்களும் அச்சிட்டிருக்கும். ஈஎன் 388 என்ற ஐரோப்பியத் தரத்தின் அடையாளம் அது. வரிசையாக உரசல், வெட்டு, கிழிதல், குத்தல். வெட்டுக்கு மட்டும் உச்சம் 5, மற்றவற்றுக்கு 4. பக்கத்தில் ஏ முதல் எஃப் வரை ஓர் எழுத்து இருந்தால் அதுவும் வெட்டைப் பற்றியதுதான். விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது இந்த வெட்டு எண்ணைத்தான். ஆனால் முள் வெட்டுவதில்லை, நூலை விலக்கிக்கொண்டு இடுக்கில் நுழைகிறது. கத்தியைத் தடுக்கும் இழை எவ்வளவு உறுதியானதாக இருந்தாலும், இரண்டு இழைக்கு நடுவே இருக்கிற ஓட்டையை அது அடைக்காது.

நமக்கு வேண்டியது நான்காவது எண். அதிலும் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்: சோதனையில் குத்துவது முனை மழுங்கிய தடித்த உலோகக் கம்பி. 150 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 15 கிலோ அழுத்தத்தைத் தாங்கினால் 4 கிடைக்கும். இலந்தை முள்ளின் நுனி அந்தக் கம்பியைவிடப் பல மடங்கு கூர்மை. ஆகவே 4 என்று போட்டிருப்பதால் முள் ஏறாது என்று அர்த்தமில்லை. 2 போட்டதைவிட மேல், அவ்வளவுதான்.

நைட்ரைல் பூச்சுக் கையுறை

நைட்ரைல் என்பது ஒரு வகைச் செயற்கை ரப்பர். களை பிடுங்க, ஈர மண்ணைக் கிளற இந்தக் கையுறையைவிட வசதியானது கிடையாது. பிடி நழுவாது, கை வேர்க்காது. ஆனால் பெரும்பாலானவற்றில் பூச்சு உள்ளங்கையில் மட்டும்தான், முதுகுப்புறம் வெறும் பின்னல். புதருக்குள் கையை நுழைக்கும்போது முதலில் அடி வாங்குவது புறங்கையும் மணிக்கட்டும். புதர் போன பிறகு தரையைச் சீர்செய்ய இதை எடுத்து வையுங்கள்.

ஆட்டுத்தோலா, வெல்டிங் கையுறையா?

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும்தான். ஆட்டுத்தோல் மெல்லியது, ஆனாலும் நெருக்கமானது. கத்தரியின் பூட்டை விரல் நுனியாலேயே தள்ளிவிடலாம், எந்தக் கிளையைப் பிடித்திருக்கிறோம் என்று கைக்குத் தெரியும். அது தெரிந்தால் முள்ளில்லாத இடம் பார்த்துப் பிடிப்போம். பாதிப் பாதுகாப்பு அதிலேயே வந்துவிடுகிறது.

வெல்டிங் கையுறை பெரும்பாலும் தடித்த மாட்டுத்தோல், முன்கை பாதிவரை மூடும். வெட்டிப் போட்ட முட்கிளையை அள்ளி இழுத்துப்போக இதற்கு ஈடில்லை. ஆனால் விரல்கள் கட்டை மாதிரி நிற்கும்; ஒரு மணி நேரம் கத்தரி பிடித்தால் உள்ளங்கை கடுக்கும். கடுத்ததும் கையுறையைக் கழற்றிவிட்டு “இந்த ஒரு கிளைதானே” என்று வெறுங்கையால் பிடிப்போம். முள் தைப்பது அப்போதுதான்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், என் தேர்வு முழங்கை வரை நீண்ட ஆட்டுத்தோல் கையுறை. உண்ணிச்செடி, ரோஜா, காகிதப்பூ எல்லாவற்றுக்கும் அது போதும். சீமைக்கருவேலம் நிறைந்த இடமென்றால் வெல்டிங் கையுறையும் வேண்டும். அதன் முள் 5 செ.மீ. வரை வளரும், மெல்லிய தோல் தாங்காது. வெல்டிங் கையுறை போட்டாலும் கவைக்கம்பால் தள்ளி, தொரட்டியால் இழுப்பதே நல்லது.

சப்பாத்திக்கள்ளிக்கு எந்தக் கையுறையும் வேண்டாம். அதன் பொடிமுள் துணியிலும் தோலிலும் ஒட்டிக்கொண்டு, அடுத்த தடவை போடும்போது கையில் ஏறும். இடுக்கியால் மட்டுமே தொடுங்கள்.

வாங்கும்போது

அளவு சரியாக இருக்கட்டும். இறுக்கமான கையுறையில் மூட்டின் மேல் தோல் விறைத்து நிற்கும், முள் சுலபமாக இறங்கும். தொளதொளப்பானதில் விரல் நுனி கத்தரிக்குள் மாட்டும். வாங்கி வந்ததும் உள்ளே ஒரு சோப்புக்கட்டியை வைத்து, உங்கள் தோட்டத்து முள்ளாலேயே வெளியிலிருந்து அழுத்திப் பாருங்கள். சோப்பில் புள்ளி விழுந்தால் அந்த முள்ளுக்கு அந்தக் கையுறை ஆகாது. எந்த எண்ணையும்விட நான் நம்புவது இந்தச் சோதனையைத்தான்.

முள் தைத்துவிட்டால் அலட்சியம் வேண்டாம். மண் பட்ட முள்ளால் டெட்டனஸ் வரலாம். கடைசியாக ஊசி போட்டு 5 வருடம் தாண்டியிருந்தால் மருத்துவரிடம் கேளுங்கள். மூட்டு வீக்கம் வடியாவிட்டால் முறிந்த நுனி உள்ளே இருக்கலாம், எனக்கு இருந்தது போல.

வேலை முடிந்ததும் தோல் கையுறையை வெயிலில் போடாமல் நிழலில் உலர்த்துங்கள்; வெயிலில் காய்ந்தால் விறைத்து வெடிக்கும். மறுநாள் கையை விடுவதற்கு முன், ஒவ்வொரு விரலையும் வெளியிலிருந்து மெதுவாக உருட்டிப் பாருங்கள். நேற்று தோலில் பாதி இறங்கி நின்ற முள் அங்கேயே இருக்கும்.