ஒரு வாரப் பந்தயம், மூன்று பெயர்கள்: யாரை முதலில் எழுதுவது?

டூர் டி பிரான்ஸில் யார் ஜெயிப்பார் என்று கணிப்பதும், ஒரு வார சைக்கிள் பந்தயத்தில் யார் ஜெயிப்பார் என்று கணிப்பதும் ஒரே வேலை இல்லை. மூன்று வாரப் பந்தயத்தில் ஒருநாள் சறுக்கினாலும் மீண்டு வர அவகாசம் இருக்கிறது. கடைசி வாரத்தில் மற்றவர்கள் களைத்துப்போகும்போது தாக்குப்பிடிக்கிறவர் மேலே ஏறி வருவார். ஏழெட்டு நாளில் முடிகிற பந்தயத்தில் அந்தக் கடைசி வாரம் வரவே வராது. பத்து நொடி, இருபது நொடி என்றுதான் கணக்கு ஓடும். பிரான்ஸில் எட்டு நாள் நடந்த 2024 தோஃபினே பந்தயத்தை ப்ரிமோஷ் ரோக்லிச் ஜெயித்தது வெறும் 8 நொடி வித்தியாசத்தில்.

அதனால் வீரர்கள் பட்டியலைப் புரட்டுவதற்கு முன்னால் பாதையைப் பார்ப்பேன். டைம் ட்ரையல் (ஒவ்வொருவரும் தனித்தனியாக நேரத்தோடு போட்டியிடும் ஓட்டம்) எத்தனை கிலோமீட்டர், மலை உச்சியில் முடியும் ஸ்டேஜ்கள் (ஒவ்வொரு நாள் ஓட்டம்) எத்தனை, அவை எந்த வரிசையில் வருகின்றன? இந்த மூன்றையும் வைத்தே பாதி விடையைச் சொல்லிவிடலாம். இதைப் பேச 2025 ஜூன் 8 முதல் 15 வரை பிரான்ஸில் நடந்த தோஃபினே நல்ல உதாரணம். 2024 டூரில் முதல் மூன்று இடங்களைப் பிடித்த டாடே போகாச்சர், யோனஸ் விங்கேகோர், ரெம்கோ எவனபூல் மூவரும் அங்கே மறுபடி ஒன்றாக வந்து நின்றார்கள். டூருக்கு மூன்று வாரம் முன்னால் நடக்கும் பந்தயம் என்பதால் எல்லோருக்கும் அது ஒத்திகை. ஆனால் இந்த மூவரும் ஒரே சாலையில் இறங்கினால் யாரும் ஒத்திகைபோல ஓட்ட மாட்டார்கள்.

பாதை இப்படி இருந்தது. மொத்தம் எட்டு ஸ்டேஜ். முதல் மூன்று நாள் மேடும் பள்ளமுமான சாலைகள். நான்காம் நாள் சேன் பெரே ஊரில் முடியும் 17.4 கிலோமீட்டர் டைம் ட்ரையல். ஐந்தாம் நாள் மாக்கோன் வரை வேக ஓட்டக்காரர்களுக்கான சாலை. கடைசி மூன்று நாளும் ஆல்ப்ஸ்: கோம்ப்ளூ, வால்மெய்னியே, மோன் செனி. ஏழாம் நாளில் மதலேன், குரோவா த ஃபேர் என்ற இரண்டு பெரிய கணவாய்களைத் தாண்டிய பிறகுதான் கடைசி ஏற்றமே தொடங்கும். குட்டையான ஒரு டைம் ட்ரையல், அடுத்தடுத்து மூன்று மலை நாள். இதைப் பார்த்ததுமே எனக்கு முதலில் தோன்றியது, எவனபூலுக்கு இது கஷ்டமான கணக்கு என்பதுதான்.

இதைக் கொஞ்சம் நொடிக்கணக்கில் பார்க்கலாம். 2024 டூரின் ஏழாவது ஸ்டேஜ் 25.3 கிலோமீட்டர் டைம் ட்ரையல். அதில் எவனபூல் முதலிடம். போகாச்சர் 12 நொடி பின்னால், விங்கேகோர் 37 நொடி பின்னால். அதே டூரில் ப்ளாட்டோ த பெய் மலை உச்சியில் போகாச்சர் ஜெயித்தபோது விங்கேகோர் 1 நிமிடம் 8 நொடி, எவனபூல் 2 நிமிடம் 51 நொடி பின்தங்கினார்கள். உலகிலேயே சிறந்த டைம் ட்ரையல் வீரர் அரை மணி நேரம் உயிரைக் கொடுத்துச் சேர்த்த நொடிகள் எல்லாம் ஒரே மலையில், ஒரே மதியத்தில் பல மடங்காகப் போய்விட்டன. தோஃபினேயில் அவர் சம்பாதிக்க 17.4 கிலோமீட்டர்தான், இழக்க மூன்று மலைகள். ஐந்தாம் நாள்வரை மஞ்சள் ஜெர்சி (மொத்த நேரத்தில் முன்னால் இருப்பவர் அணிவது) அவரிடம் இருக்கலாம், எட்டாம் நாள் இருக்காது என்று அந்தப் பாதையே சொல்லியது.

அவருடைய உடல்நிலையையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2024 டிசம்பரில் பயிற்சியின்போது நடந்த விபத்தில் தோள், விலா, கை எல்லாம் அடிபட்டு, ஏப்ரலில்தான் பந்தயத்துக்குத் திரும்பினார். திரும்பிய முதல் நாளே பிராபன்ஸ் பெய்ல் பந்தயத்தை ஜெயித்தார். அந்த மனவலிமைக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் இரண்டு வாரம் கழித்து ரோமண்டி பந்தயத்தில் கடைசி நாள் டைம் ட்ரையலை வென்றும் மொத்தத்தில் ஐந்தாவது இடம்தான் கிடைத்தது. மலையில் அவர் பழைய நிலைக்கு இன்னும் வரவில்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம்.

விங்கேகோரைக் கணிப்பதுதான் கடினமாக இருந்தது. 2022, 2023 டூர்களை வென்றவர், 2023 தோஃபினேயை 2 நிமிடம் 23 நொடி வித்தியாசத்தில் வென்றவர். இந்தச் சாலைகள் அவருக்குப் பழக்கம். ஆனால் 2025 மார்ச்சில் பாரிஸ்–நீஸ் பந்தயத்தில் விழுந்து வெளியேறிய பிறகு தோஃபினேவரை அவர் ஒரு பந்தயமும் ஓட்டவில்லை. மூன்று மாத இடைவெளியில் மலைமுகாமில் என்ன செய்தார், எடை எவ்வளவு, பலம் எவ்வளவு என்பது அவருடைய அணிக்குத்தான் தெரியும். இப்படி மூடியிருக்கும் ஒருவரைக் கணிக்க இதற்கு முன்னால் நேருக்கு நேர் நடந்ததைத்தான் எடுக்க வேண்டும். ஒரு வாரப் பந்தயத்தில் அவரும் போகாச்சரும் கடைசியாக முழு பலத்தோடு மோதியது 2023 பாரிஸ்–நீஸ். போகாச்சர் மூன்று ஸ்டேஜ் வென்று முதலிடம், விங்கேகோர் 1 நிமிடம் 39 நொடி பின்னால் மூன்றாமிடம். அதே ஆண்டு ஜூலையில் டூரில் விங்கேகோர்தான் ஜெயித்தார். லியேஜ் பந்தயத்தில் போகாச்சர் மணிக்கட்டை உடைத்துக்கொண்டு போதிய பயிற்சி இல்லாமல் அந்த டூருக்கு வந்தார் என்பதும் உண்மை. ஆனாலும் விங்கேகோரின் மிகப் பெரிய ஆயுதம், களைப்பு சேரச் சேர மற்றவர்களைவிடக் குறைவாகத் தளர்வது. எட்டு நாள் பந்தயத்தில் அந்த ஆயுதத்தை வெளியே எடுக்கவே இடம் கிடைக்காது.

போகாச்சரைப் பற்றி நீட்டி எழுத எனக்கு அதிகம் இல்லை, ஏனென்றால் ஓட்டை ஒன்றும் தென்படவில்லை. 2021 ஏப்ரலில் பாஸ்க் நாட்டுப் பந்தயத்தில் ரோக்லிச்சுக்கும் விங்கேகோருக்கும் பின்னால் மூன்றாவதாக வந்த பிறகு, ஒரு வாரப் பந்தயம் எதிலும் அவர் தோற்றதில்லை. 2025 வசந்த காலத்தில் ஸ்ட்ராட பியாங்க்கே, ஃப்ளாண்டர்ஸ், ஃப்ளேஷ் வாலோன், லியேஜ் என்ற ஒருநாள் பந்தயங்கள் நான்கும் அவருக்கு. இன்னொரு விஷயம் பலர் கவனிக்காதது: போனஸ் நொடி. ஒரு ஸ்டேஜில் முதல் மூன்று பேருக்கு மொத்த நேரத்திலிருந்து 10, 6, 4 நொடி கழிக்கப்படும். இந்த மூவரில் கடைசி வேக ஓட்டமான ஸ்பிரிண்ட்டில் அதிகம் ஜெயிக்கக்கூடியவர் அவர்தான். அதனால் மற்ற இருவரோடு சேர்ந்து கோட்டைத் தாண்டினாலும் நொடி அவருக்குத்தான் வரும்.

ஆக, தொடங்குவதற்கு முன்னால் கையில் இருந்த தகவல்களை வைத்தே போகாச்சர், விங்கேகோர், எவனபூல் என்று வரிசை போட முடியும். சாலையிலும் அந்த வரிசை மாறவில்லை. ஆனால் அங்கே போய்ச் சேர்ந்த வழிதான் சுவாரசியமானது.

முதல் நாளே எல்லோரையும் எழுந்து உட்கார வைத்தார் விங்கேகோர். மோன்லுசோன் ஊருக்குச் சில கிலோமீட்டர் முன்னால் அவர் பாய, போகாச்சர், எவனபூல், மத்தியூ வான்டர் பூல், சான்டியாகோ புயித்ராகோ நால்வரும் தொற்றிக்கொண்டார்கள். பின்னால் மொத்தக் கூட்டமும் துரத்தியது. கோட்டில் போகாச்சர் முதல், விங்கேகோர் இரண்டாவது. வேக ஓட்டக்காரர்களுக்கென்று எழுதிவைத்த நாளில் மலை வீரர்கள் சண்டை போட்டார்கள். ஒரு வாரப் பந்தயங்களை நான் இவ்வளவு விரும்புவதே இதற்காகத்தான்.

அப்புறம் நான்காம் நாள் டைம் ட்ரையல். எவனபூல் முதலிடம், விங்கேகோர் 20 நொடி பின்னால். போகாச்சர் 48 நொடி பின்னால்! மஞ்சள் ஜெர்சி எவனபூலுக்குப் போனது. அன்று மாலை நிறைய பேர் கணிப்பை மாற்றினார்கள். போகாச்சரின் காலில் பழைய பலம் இல்லை, இது விங்கேகோரின் ஆண்டு என்றார்கள். ஒரே ஒரு அளவை வைத்து மொத்தப் படத்தையும் திருப்பிப் போடுவது இதுதான். 2024 டூரின் விகிதத்தை அப்படியே எடுத்தால் 17.4 கிலோமீட்டரில் விங்கேகோர் சுமார் 25 நொடி, போகாச்சர் சுமார் 8 நொடி பின்தங்க வேண்டும். விங்கேகோரின் நேரம் அந்தக் கணக்குக்குப் பக்கத்தில் இருக்கிறது. போகாச்சரின் நேரம் மட்டும் எங்கோ விலகி நிற்கிறது. மூன்று பேரில் இருவர் வழக்கம்போல ஓட்டி, ஒருவர் மட்டும் இவ்வளவு விலகினால், அவருக்கு அது ஒரு மோசமான நாள் என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

இரண்டு நாளில் பதில் வந்தது. ஆறாம் நாள் கோம்ப்ளூவுக்குப் போகும் வழியில் தோமான்சி என்ற குட்டை ஏற்றம் இருக்கிறது. சுமார் இரண்டரை கிலோமீட்டர்தான், ஆனால் சரிவு ஒன்பது சதவீதத்துக்கு மேல். 1980 உலக சாம்பியன் பந்தயத்தில் இதையே இருபது தடவை ஏறித்தான் பெர்னார் இனோ எல்லோரையும் உதிர்த்துவிட்டு ஜெயித்தார். 2023 டூரில் இதே ஏற்றம் வழியாகக் கோம்ப்ளூவுக்குப் போன டைம் ட்ரையலில் விங்கேகோர் போகாச்சரை 1 நிமிடம் 38 நொடியில் முறியடித்தார். மறுநாள் லோஸ் கணவாயில் போகாச்சர் உடைந்தேபோனார். அவர் வாழ்க்கையில் அதைவிட வலித்த சாலை இருக்குமா என்று தெரியவில்லை.

2025-இல் அதே சாலையில், தோமான்சியில், போகாச்சர் சேணத்தை விட்டு எழாமலேயே வேகத்தைக் கூட்டினார். பெரிய பாய்ச்சல் எதுவும் இல்லை. விங்கேகோரின் சக்கரத்துக்கும் அவருடைய சக்கரத்துக்கும் நடுவில் ஒரு சைக்கிள் நீளம், இரண்டு, ஐந்து என்று இடைவெளி விரிந்துகொண்டே போனது. கோட்டில் 1 நிமிடம் 1 நொடி. எவனபூல் 1 நிமிடம் 50 நொடி. முந்தைய நாள் மாக்கோன் போகும் வழியில் எவனபூல் கீழே விழுந்திருந்தார், அதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் விழாமல் இருந்திருந்தாலும் விடை மாறியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. மறுநாள் வால்மெய்னியேயிலும் போகாச்சர்தான் முதல். விங்கேகோர் 14 நொடிதான் பின்னால். நீளமான ஏற்றத்தில் அவர் எவ்வளவு உறுதியானவர் என்பதற்கு அது சாட்சி. கடைசி நாளை லெனி மார்த்தினே வென்றார். மொத்தத்தில் விங்கேகோர் 59 நொடி பின்னால் இரண்டாவது. எவனபூல் 4 நிமிடம் 21 நொடி பின்னால் நான்காவது.

மூன்றாவது இடத்தில் யார்? முதல் பெயரை யாரும் சொல்லிவிடலாம், மூன்றாவது பெயரைச் சொல்வதில்தான் திறமை இருக்கிறது. அங்கே வந்து நின்றவர் 24 வயது ஜெர்மானியர் ஃப்ளோரியான் லிபோவிட்ஸ், 2 நிமிடம் 38 நொடி பின்னால். முன்பு பையத்லான் (பனிச்சறுக்கும் துப்பாக்கி சுடுதலும் சேர்ந்த விளையாட்டு) விளையாடியவர். அவர் வானத்திலிருந்து குதித்துவிடவில்லை. மார்ச்சில் பாரிஸ்–நீஸில் இரண்டாவது, ஏப்ரலில் பாஸ்க் நாட்டில் நான்காவது. ஒரு வாரப் பந்தயத்தைக் கணிக்க முந்தைய ஒரு வாரப் பந்தயங்களைவிட நல்ல ஆதாரம் கிடையாது. மாத்யோ ஜோர்கன்சனும் பாரிஸ்–நீஸை 2024, 2025 இரண்டு ஆண்டும் வென்றவர், திறமையில் குறைந்தவர் இல்லை. ஆனால் ஒரே அணியில் இருந்த விங்கேகோருக்காக உழைக்க வேண்டிய இடத்தில் இருந்தார். லிபோவிட்ஸின் அணித் தலைவர் ரோக்லிச் வராததால் அவருக்கு அந்தச் சுமை இல்லை. மூன்றாம் நாள் முன்னால் ஓடிய கூட்டத்தில் அவர் புகுந்து ஒரு நிமிடம்போலச் சம்பாதித்தபோது, மூன்று பெரியவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரிய பெயர்கள் மூன்று மோதும் பந்தயத்தில் இப்படி ஒருவர் சந்து வழியாக மேடை ஏறுவதை நான் எப்போதும் எதிர்பார்ப்பேன்.

டூரில் இந்தக் கணக்கு எவ்வளவு நின்றது என்பதையும் பார்த்துவிடலாம். 2025 டூரின் ஐந்தாவது ஸ்டேஜ், கான் நகரத்தில் 33 கிலோமீட்டர் டைம் ட்ரையல். எவனபூல் முதல், போகாச்சர் 16 நொடி, விங்கேகோர் 1 நிமிடம் 21 நொடி. தோஃபினே டைம் ட்ரையலை நம்பியவர்களின் கணிப்பு அங்கே தலைகீழானது. மலையை நம்பியவர்களின் கணிப்பு நின்றது: ஓத்தகாம் உச்சியில் போகாச்சர் விங்கேகோரை 2 நிமிடம் 10 நொடி முந்தினார். எவனபூல் பதினான்காம் ஸ்டேஜில் விலகினார். பாரிஸில் போகாச்சர், விங்கேகோர், லிபோவிட்ஸ் என்று தோஃபினே மேடை அப்படியே திரும்ப வந்தது. ஆனால் தோஃபினே எப்போதும் இப்படி டூரைச் சொல்லிவிடாது. 2024-இல் அதை வென்ற ரோக்லிச் டூரில் விழுந்து வெளியேறினார்.

இந்த வரிசையை எல்லாப் பந்தயத்துக்கும் ஒட்டிவிடக் கூடாது. டைம் ட்ரையல் முப்பது கிலோமீட்டருக்கு மேல், மலை உச்சியில் முடிவது ஒரே ஒரு நாள் என்று பாதை அமைந்தால் விங்கேகோருக்கு மேலே எவனபூலை எழுதுவேன். போர்ச்சுகலில் அல்கார்வே பந்தயத்தை 2020, 2022, 2024 என்று மூன்று தடவை அவர் வென்றபோதும் டைம் ட்ரையலை அவர்தான் ஜெயித்தார். அதே அல்கார்வேயில் 2025-இல் கடைசி நாள் டைம் ட்ரையலை மல்யாவோ மலைமேல் கொண்டுபோய் முடித்தார்கள். அந்த நாளையும் பந்தயத்தையும் வென்றவர் விங்கேகோர்.